பிழியக் கூடாத மடல்: கற்றாழைச் சோறு எடுக்கும் இயந்திரத்தின் உள்கணக்கு

வீட்டில் கற்றாழை எடுப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். மடலை அறுத்து வந்தவுடன் யாரும் தோலைச் சீவ உட்கார மாட்டார்கள். அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். கொஞ்ச நேரம் மஞ்சளாக ஒரு பால் சொட்டும். அது நின்ற பிறகுதான் இரண்டு ஓரத்து முள்ளையும் சீவி, மேல்தோலைப் பிரித்து, உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும் சோற்றை எடுப்பார்கள். எடுத்த சோற்றை ஏழு முறை தண்ணீரில் அலசு என்று ஒரு பாட்டி நிச்சயம் சொல்வார்.

கற்றாழை இயந்திரம் வடிவமைக்க உட்காரும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கால்வாசி விஷயம் இந்த வேலையிலேயே இருக்கிறது. ஆனால் பொறியியல் கல்லூரிகளின் இறுதியாண்டு புராஜெக்ட்டுகளில் வரும் கற்றாழை இயந்திரங்களில் பெரும்பாலானவை வேறு ஓர் இடத்திலிருந்து ஆரம்பிக்கின்றன: தெருமுனைக் கரும்புச்சாறு வண்டியிலிருந்து. இரண்டு உருளை, ஒரு மோட்டார், நடுவில் மடல், கீழே ஒரு தட்டு. மடலைக் கொடுத்தால் கொழகொழவென்று ஏதோ வருகிறது. வருவது என்ன என்பதில்தான் பிரச்சினை.

கற்றாழை மடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று பகுதி தெரியும். வெளியே சில மில்லிமீட்டர் தடிமனில் பச்சைத் தோல். நடுவில் நிறமில்லாத சோறு; அதில் கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர்தான். இரண்டுக்கும் இடையில், தோலின் உட்பக்கத்தை ஒட்டி, புள்ளி புள்ளியாக ஒரு வரிசை ஓடும். அவைதான் குழாய்க் கற்றைகள். மஞ்சள் பால் இருப்பது அங்கே. கசப்புக்கும் பேதிக்கும் காரணமான அலோயின் என்ற வேதிப்பொருள் அந்தப் பாலில் இருக்கிறது. காய்ச்சி உலர்த்தினால் நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்ற பெயரில் கிடைக்கும் கறுப்புக் கட்டி அதுதான். ஒரே மடலில் இரண்டு சரக்கு. சோறு வேண்டுமென்றால் பால் கலக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

கரும்பில் இந்தத் தொல்லை இல்லை. நசுக்க வேண்டும், சாறு வர வேண்டும், சக்கை வெளியே போக வேண்டும். கற்றாழையை அதே மாதிரி நசுக்கினால் முதலில் உடைவது தோலோரத்துப் பால்குழாய்கள். சோறு வருவதற்கு முன்பே அது கெட்டுவிடுகிறது. அதனால் இந்த இயந்திரத்துக்கு வைக்க வேண்டிய முதல் நிபந்தனை, எவ்வளவு எடுக்கிறது என்பதல்ல, எதை எடுக்காமல் விடுகிறது என்பதுதான்.

அந்த 'விடுவது' எவ்வளவு நுணுக்கமானது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிக்கும் கற்றாழைப் பொருட்களில் அலோயின் 10 பி.பி.எம்.முக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசக் கற்றாழை அறிவியல் மன்றம் வைத்திருக்கும் அளவுகோல். பி.பி.எம். என்பதைக் கிலோவில் சொன்னால், ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 100 கிலோ சோற்றில் மொத்தமே ஒரு கிராம். சில சிட்டிகைக்குள் அடங்கிவிடும் அளவு. பேதி மருந்தாகக் கடையில் சும்மா கேட்டு வாங்கக்கூடிய கற்றாழைப் பால் மருந்துகளை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2002இல் விலக்கியது. தோலோடு சேர்த்து அரைத்த முழு மடல் சாற்றை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. உருளை இடைவெளியை ஒரு மில்லிமீட்டர் கூட்டுவதா குறைப்பதா என்று பட்டறையில் எடுக்கும் முடிவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, முழு மடலையும் அரைத்துவிட்டுப் பிறகு அலோயினை நீக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அப்படியும் செய்கிறார்கள். மடலை மொத்தமாக அரைத்து, நொதி சேர்த்துக் கரைத்து, நாரை வடிகட்டி, செயலூட்டிய கரித்தூள் வழியாக அனுப்பினால் நிறமும் கசப்பும் போய்விடும். அந்த வழியில் இயந்திரம் எளிது, வேதியியல் கடினம். கரி தன் வேலையைச் செய்ததா என்று ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்தாக வேண்டும். ஒரு கிராமத்துச் சுயஉதவிக் குழுவோ சிறு பண்ணையோ தாங்கக்கூடிய செலவு அல்ல அது. தோலைச் சீவிச் சோற்றை முழுத் துண்டாக எடுக்கும் வழியில் நேர்மாறு: வேதியியல் எளிது, இயந்திரம் கடினம். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. இரும்பில் பட்ட கஷ்டம் ஒரு தடவையோடு போகும். கரித்தூளில் படுவது தினமும் தொடரும்.

அந்தக் கடினம் எங்கிருந்து வருகிறது? மடலின் உருவத்திலிருந்து. பலகை போல ஒரே தடிமனில் இருந்திருந்தால் கணக்கு எப்போதோ முடிந்திருக்கும். கற்றாழை மடல் அடியில் தடிப்பாக ஆரம்பித்து நுனியில் காகிதமாக முடிகிறது. அகலமும் அப்படியே குறுகுகிறது. மேற்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும், கீழ்ப்பக்கம் நன்றாகப் புடைத்திருக்கும். ஒரே செடியில் அறுத்த இரண்டு மடல்கூட ஒரே அளவில் இருக்காது. போதாக்குறைக்கு வெளித்தோலில் மெழுகுப் பூச்சு. கழுவிய ஈரமும் சேர்ந்தால் கையிலேயே நழுவும்.

மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கத்திகளை, குறிப்பிட்ட இடைவெளியில் அசையாமல் பொருத்துவதாக வைத்துக்கொள்வோம். மடலின் நடுப்பகுதிக்கு அந்த இடைவெளி பொருத்தமாக இருக்கலாம். அடிப்பகுதி வரும்போது தோலோடு கணிசமான சோறும் சேர்ந்து போய்விடும். நுனிப் பகுதி கத்தியையே தொடாமல், தோலும் பாலுமாகச் சோற்றுத் தட்டில் வந்து விழும். நட்டமும் கசப்பும் ஒரே மடலில்.

இதற்கான விடை நம் தச்சர்களிடம் ரொம்ப காலமாக இருக்கிறது: இழைப்புளி. மரத்தின் தடிமன் எவ்வளவு மாறினாலும் இழைப்புளி சீவும் சுருளின் தடிமன் மாறுவதில்லை. காரணம், அதன் அலகு (வெட்டும் தகடு) தரையிலிருந்தோ மேசையிலிருந்தோ அளக்கப்படுவதில்லை. கட்டையின் அடிப்பாகத்திலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் அளவு. கட்டை மரத்தின் மேல் ஏறி இறங்கினால் அலகும் கூடவே ஏறி இறங்கும். கற்றாழை இயந்திரத்திலும் அதையே செய்யலாம். ஆடும் கை ஒன்றில் ஓர் உருளையையும் கத்தியையும் சேர்த்துப் பொருத்தி, ஸ்பிரிங் வைத்து மடலின் மேல் மெதுவாக அழுத்த வேண்டும். உருளை தோலின் மேல் ஓடும். கத்தி அதற்கு 3 மி.மீ. கீழே, தோலுக்கும் சோற்றுக்கும் நடுவில் நுழையும். மடல் தடித்தாலும் மெலிந்தாலும் கை ஏறி இறங்கும், சீவும் ஆழம் மாறாது. இதே அமைப்பு கீழ்ப்பக்கத்துக்கும் ஒன்று. ஆக, எதிரெதிராக இரண்டு இழைப்புளி.

சீவும் ஆழம் எவ்வளவு வைப்பது என்பதில் பணமும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதுகின்றன. 20 மி.மீ. தடிமனுள்ள ஓர் இடத்தில் இரண்டு பக்கமும் 3 மி.மீ. சீவினால் 14 மி.மீ. சோறு மிஞ்சும், அதாவது 70 சதவீதம். 5 மி.மீ. சீவினால் மிஞ்சுவது 10 மி.மீ., சரிபாதி. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூட்டினாலே மடலில் பத்தில் ஒரு பங்கு தோல் பக்கம் போய்ச் சேர்கிறது. குறைத்தாலோ கத்தி பால்குழாய் வரிசைக்குள்ளேயே நுழைகிறது. ஆகவே இந்த ஆழத்தை வரைபடத்தில் ஒரு எண்ணாக எழுதி முடித்துவிடக் கூடாது. திருகைத் திருப்பி அரை அரை மில்லிமீட்டராக மாற்றும் வசதி இருக்க வேண்டும். கோடையில் அறுக்கும் மடலும் மழைக்குப் பின் தண்ணீர் ஏறி உப்பிய மடலும் ஒன்றல்ல.

குறுக்குவாட்டுப் புடைப்பு இன்னொரு தலைவலி. நேரான கத்தி புடைத்த பக்கத்தின் நடுவில் ஆழமாகச் சீவி, இரண்டு ஓரத்திலும் பச்சையை விட்டுவிடும். மடலை அழுத்தித் தட்டையாக்கலாம். அழுத்தம் கூடினால் குழாய் உடையும். கத்தியை லேசாக வளைத்துச் செய்யலாம்; ஆனால் பெரிய மடலுக்குப் பொருந்தும் வளைவு சின்ன மடலுக்குப் பொருந்தாது. நடைமுறையில் எடுபடுவது கொஞ்சம் கஞ்சத்தனத்தை விடுவதுதான். முள்ளோடு சேர்த்து ஓரத்தைத் தாராளமாக நறுக்கிவிட்டால், மிச்சமிருக்கும் நடுப்பகுதி ஓரளவு தட்டையாகவே இருக்கும். மடல்களை அளவு வாரியாக மூன்று கூடையாகப் பிரித்து ஓட்டுவதும் உதவும். இதற்கெல்லாம் சென்சார் வேண்டியதில்லை.

அடுத்து, மடலை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே விடுவது? கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. 100 மி.மீ. விட்டமுள்ள இரண்டு உருளைகள், நடுவில் 10 மி.மீ. இடைவெளி. அடிப்பக்கத்தை முன்னால் விட்டால் 25 மி.மீ. தடிமன் அந்த இடைவெளியில் நுழைய வேண்டும். உருளை மடலைத் தொடும் கோணம் ஏறக்குறைய 32 பாகை வருகிறது. தள்ளாமலேயே உருளை மடலைக் கவ்வி இழுக்க வேண்டுமென்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, 0.62க்கு மேல் இருக்க வேண்டும். மெழுகுத் தோலும் ஈரமும் கலந்த கற்றாழையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. உருளை சுற்றும், மடல் நின்ற இடத்திலேயே நிற்கும், தேய்ந்த இடத்தில் தோல் கிழிந்து பால் வரும். உருளையை 200 மி.மீ. ஆக்கினால் 0.41 போதும், ஆனால் எடையும் விலையும் எகிறிவிடும். நுனியை முன்னால் விட்டால் இந்தச் சிக்கலே எழுவதில்லை. மெல்லிய நுனியை உருளை சுலபமாகக் கவ்விக்கொள்ளும், தடிமன் கூடக்கூட ஸ்பிரிங் கை மெதுவாக மேலே எழும். பட்டறையில் சிலர் பிடிப்புக்காக உருளையில் கூர்மையான நர்லிங் (சொரசொரப்பான வெட்டு வரிகள்) போடுவார்கள். அது தோலைக் குத்திக் குழாயைத் திறந்துவிடும். உணவுத் தர ரப்பரோ பாலியூரித்தேனோ சுற்றிய மென்மையான உருளைதான் இங்கே ஏற்றது.

மோட்டாரைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. மணிக்கு 500 கிலோ மடல் என்று இலக்கு வைத்தால், ஒரு மடல் 400 கிராம் என்ற கணக்கில் 1250 மடல். 3 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஒன்று. 50 செ.மீ. மடலும் அடுத்த மடலுக்கு 10 செ.மீ. இடைவெளியும் சேர்த்தால் விநாடிக்கு 21 செ.மீ. வேகம். 100 மி.மீ. உருளைக்கு அது நிமிடத்துக்கு 40 சுற்று. 1440 சுற்று மோட்டாரோடு 36 மடங்கு குறைக்கும் கியர்பாக்ஸ். இழுவிசையை 50 கிலோ எடைக்குச் சமமாகத் தாராளமாக எடுத்துக்கொண்டாலும் தேவைப்படும் திறன் 100 வாட் அளவில்தான் நிற்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் போதும், மிச்சமும் இருக்கும். ஐந்து குதிரைத்திறன் போட்ட கற்றாழை இயந்திரத்தைக் கண்டால் சந்தேகப்படுங்கள். அது சீவவில்லை, நசுக்குகிறது.

இந்தக் கணக்கில் விற்பனைக்காரர்கள் சொல்லாமல் விடும் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. 3 விநாடிக்கு ஒரு மடல் இயந்திரத்துக்கு வர வேண்டுமென்றால், அதற்கு முன்பே யாரோ அதன் அடி, நுனி, இரண்டு ஓரம் என்று நாலு வெட்டு வெட்டியிருக்க வேண்டும். பழகிய கை 15 விநாடியில் ஒன்றை முடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு இயந்திரத்துக்குத் தீனி போட ஐந்து பேர். மேசைக்கு இடம், முள் குத்தாத கையுறை, வடிகால் எல்லாம் வேண்டும். இயந்திரத்தின் விலையை மட்டும் வைத்துத் திட்ட அறிக்கை எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான். இயந்திரம் வந்ததும் நெருக்கடி போய்விடுவதில்லை, முன் மேசைக்கு இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு எதிரி, கடிகாரம். கற்றாழையின் மருத்துவப் பயனுக்குக் காரணமாகச் சொல்லப்படும் பொருட்களில் முதன்மையானது அசிமன்னன் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. சோற்றின் கொழகொழப்பும் இத்தகைய சங்கிலிகளால்தான். மடலை வெட்டியதும் காற்றும் பாக்டீரியாவும் நொதிகளும் அதைத் துண்டாடத் தொடங்கும். அறை வெப்பத்தில் ஒரு நாள் வைத்தாலே சோறு தண்ணீராகத் தளர்ந்துபோவதை வீட்டிலேயே பார்க்கலாம். ஆகவே அறுத்த 36 மணி நேரத்துக்குள் பதப்படுத்தும் வேலை மொத்தமும் முடிந்துவிட வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். அது வெளி எல்லை; சீவிய சோறு அவ்வளவு நேரம் பொறுக்காது. சோற்றை அரைத்து, நாரை வடிகட்டி, 85 முதல் 95 பாகை செல்சியஸில் ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்கி, உடனே குளிர்விப்பது வழக்கமான முறை. சூடு குறைந்தால் கிருமி சாகாது. நீடித்தால் காப்பாற்ற நினைத்த சங்கிலியே அறுந்துபோகும். இடைவெளியில் சோறு காத்துக்கிடக்கும்படி ஒரு தொட்டியை வடிவமைத்தால், கத்தியில் காட்டிய நுணுக்கமெல்லாம் வீண்.

சுத்தம் செய்வதும் கடிகாரத்தின் கணக்கில்தான் சேரும். கற்றாழைச் சோறு காய்ந்தால் கோந்துத் தாள் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் காலையில் அதன் கீழே ஒரு கிருமிக் குடியிருப்பே இருக்கும். எனவே சோறு படும் இடமெல்லாம் குறைந்தது 304 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு); புளிப்புச் சேர்க்கையும் குளோரின் கழுவலும் உள்ள இடத்தில் 316 நல்லது. வெல்டிங்கைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். திருகு மரை உள்பக்கம் நீட்டக் கூடாது. பேரிங்குகள் சோற்றுப் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும், கிரீஸ் சொட்டினால் தரையில் விழ வேண்டுமே தவிர தட்டில் அல்ல. கத்தியை ஸ்பேனர் தேடாமல் கையால் கழற்ற முடிய வேண்டும்; ஸ்பேனர் வேண்டுமென்றால் வாரம் ஒருமுறைதான் கழற்றுவார்கள், அதுதான் மனித இயல்பு. பெயின்ட் அடித்த சாதா இரும்பில் செய்த மாதிரி இயந்திரங்கள் கண்காட்சியில் பளபளக்கும். புளிப்புத் தன்மையுள்ள சோறு பட்டுப்பட்டுப் பெயின்ட் எங்கே உரிகிறதோ அங்கே துரு கிளம்பும்.

சிறு அளவில் செய்பவர்களுக்கு வேறொரு பாதையும் இருக்கிறது. ஹரியானாவின் யமுனாநகர் மாவட்டத்தைச் சேர்ந்த தரம்வீர் காம்போஜ், ஒரு காலத்தில் டெல்லியில் ரிக்‌ஷா இழுத்தவர். அவர் உருவாக்கிய பல்பயன் பதப்படுத்தும் இயந்திரம் தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் விருது பெற்றது. கற்றாழை, நெல்லிக்காய், ரோஜா, துளசி என்று எதைப் போட்டாலும் அரைக்க, சூடாக்க, சாறெடுக்க, வடித்தெடுக்க ஒரே கலன். பருவத்துக்கு ஒரு பயிர் வரும் ஊரில் கற்றாழைக்கு மட்டுமே ஓடும் விலையுயர்ந்த இயந்திரத்தை விட இது புத்திசாலித்தனம். தோல் சீவுவதைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிந்திய வேலைகளை மட்டும் இத்தகைய கலனிடம் விடலாம். ஒரு நாளைக்குச் சில நூறு கிலோவுக்குக் கீழே என்றால் நான் பரிந்துரைப்பது இந்தக் கூட்டணியைத்தான்.

செய்த இயந்திரம் நல்லதா என்று எப்படிச் சொல்வது? மணிக்கு எத்தனை கிலோ என்ற எண் ஒன்றும் சொல்லாது. 100 கிலோ மடலை எடை போட்டு உள்ளே விட்டு, வெளியே வரும் சோறு, தோல், ஓரக் கழிவு மூன்றையும் தனித்தனியாக நிறுங்கள். பிறகு அந்தத் தோலை ஒரு கரண்டியால் வழித்து, ஒட்டியிருந்த சோறு எவ்வளவு என்று நிறுங்கள். அதுதான் கத்தியின் நட்டம். சோற்றில் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி அலோயின் பாருங்கள். அதுதான் கத்தியின் குற்றம். இரண்டும் சேர்ந்தே குறைய வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் இன்னொன்று கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவுக்கும் நடுவில் மோட்டாரே தேவைப்படாத ஒரு பாகம் விட்டுப்போகக் கூடாது: மடல்களை நிறுத்தி வைக்கும் சட்டம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் கற்றாழைப் பாலுக்காகவே அறுவடை செய்பவர்கள், தரையில் ஒரு குழி தோண்டி, விரிப்பு போட்டு, அறுத்த முனை உள்பக்கம் இருக்கும்படி மடல்களை வட்டமாக அடுக்கிவிட்டுப் போவார்கள். சில மணி நேரத்தில் பால் தானாகக் குழியில் சேரும். அவர்களுக்கு வேண்டியது பால், நமக்கு வேண்டாதது பால்; செய்ய வேண்டிய வேலை ஒன்றே. கழுவும் தொட்டிக்கும் வெட்டும் மேசைக்கும் இடையில், அடி கீழே இருக்கும்படி மடல்களைச் சாய்த்து நிறுத்த ஒரு எஸ்.எஸ். சட்டமும் அடியில் ஒரு தட்டும் போட்டால், கத்திக்கு வருவதற்கு முன்பே அலோயினில் ஒரு பங்கு இறங்கிவிடும். தட்டில் சேர்வதைக் கொட்டாமல் உலர்த்தினால் அது மூசாம்பரம்.

மறுமுனையில், சீவும் கத்தியைத் தாண்டி, வெள்ளை விளக்கின் கீழே ஒரு மேசை. கண்ணாடித் துண்டுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும். பெரிய ஆலைகளில்கூட இந்த இடத்தில் கையுறை போட்ட ஆட்கள் சின்னக் கத்தியோடு நின்று, அங்கங்கே ஒட்டியிருக்கும் பச்சைத் துணுக்கைச் சீவி எறிந்துகொண்டிருப்பார்கள். வரைபடத்தில் அந்த மேசைக்கும் முதலிலேயே இடம் விட்டுவிடுங்கள்.